சாமி மூட்டைக்குள் போன பெட்டி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோபம் அதைவிட நீளம். மரக்காணத்து உப்பளங்களில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் உப்பளக்காரர்கள் சங்கம் ஒரு கல்லூரிப் பெண்ணின் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்ததே இந்த வாயால்தான்.

விஷயம் மூட்டையைப் பற்றியது. இங்கிருந்து சேலத்துக்கு லோடு அனுப்பினால், போய்ச் சேரும்போது கணிசமான மூட்டைகள் தையல் விட்டு, உப்பு லாரியின் தட்டில் கொட்டிக் கிடக்கும். வாங்குகிறவர் போனில் கத்துவார். நான் ரோட்டைத் திட்டுவேன். பக்கத்து உப்பளம் என் சகலையுடையது. அவர் சாக்குக் கம்பெனியைத் திட்டுவார். வருஷக்கணக்காக ஆளுக்கொரு பக்கம் திட்டிக்கொண்டு நிம்மதியாகத்தான் இருந்தோம்.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். அனுமந்தையில் மீன்பிடிக்கிற குடும்பம். புதுச்சேரிப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். லாரியில் போகிற சரக்கின் மூட்டை எந்த இடத்தில், எதனால் பிய்கிறது என்பதுதான் அவள் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி. கல்லூரி அனுமதி கொடுத்ததே தவிர, காசு கொடுக்கவில்லை. சங்கம் உதவினால் இந்த வருஷம் காரணத்தைக் கண்டுபிடிப்பாளாம். அது உருப்படியாக இருந்தால் அடுத்த வருஷமும் உதவ வேண்டும். அதில் புது மாதிரி மூட்டை செய்து பார்ப்பாளாம். அடுத்த வருஷத்துப் பணம் வராவிட்டால் எல்லாம் பாதியில் நின்றுபோகும்.

"யார் வூட்டுப் புள்ளையோ படிக்கிறதுக்கு நாம எதுக்குய்யா காசு குடுக்கணும்?" என்றார் சகலை, சங்கக் கூட்டத்தில். "கொண்டுபோய் கடல்ல கொட்டுன மாதிரிதான்."

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "வீணாப்போச்சுன்னா நான் செயலாளர் பதவிய உட்டுடறேன், போதுமா?" என்று மேசையைத் தட்டினேன். சகலையின் முகத்தைப் பார்க்கணுமே! அந்தப் பதவி மேல் அவருக்கு ரொம்ப நாளாக ஒரு கண். உடனே சரி என்று தலையாட்டிவிட்டார். பணம் பாஸ் ஆனது.

அவள் சென்னையிலிருந்து ஒரு கருவியை வாடகைக்கு எடுத்து வந்தாள். சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். மூட்டைக்குள் உப்போடு உப்பாகக் கிடந்துகொண்டு, எந்த நேரத்தில் எவ்வளவு பலமாக அடி விழுந்தது என்று குறித்துக்கொண்டே வருமாம். அப்புறம் கம்ப்யூட்டரில் மாட்டினால் கோடு கோடாகக் காட்டும். பெரிய அடி என்றால் உயரமான கோடு. பெட்டியை பாலிதீனில் சுற்றி மூட்டையின் நடுவில் வைத்துத் தைத்தோம். சேலத்தில் அத்தனை மூட்டைக்கு நடுவே இதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவள் கேட்டாள்.

"மஞ்சள் பெயிண்ட்ல பெருசா ஒரு வட்டம் போடும்மா, பளிச்சுன்னு தெரியும்" என்றேன். சொல்லிவிட்டு என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

இந்த இடத்தில் எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். பருவத்தின் முதல் லோடில் ஒரு மூட்டை சாமிக்கு. சேலத்துக்குத் திண்டிவனம் வழிதான் கிட்டம் என்றாலும், முதல் லோடு மட்டும் கீழ்புத்துப்பட்டுப் பக்கம் அய்யனார் கோயில் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போகும். சாமி மூட்டைக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, எல்லாவற்றுக்கும் மேலே ஏற்றுவார்கள். மேஸ்திரியும் இன்னொரு லோடுமேனும் கோயில் வரை லாரியிலேயே போய், அதை இறக்கி வைத்துவிட்டு பஸ்ஸில் திரும்புவார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் முதல் லோடில் போகிற மூட்டைக்கு மஞ்சள் பெயிண்ட் அடிக்கச் சொன்னேன். என்னத்தைச் சொல்ல!

விடிந்ததும் லோடு ஏற ஆரம்பித்தது. நான் வழக்கம்போல லாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "தூக்கிப் போடுங்கடா, வெயில் ஏறுது" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். ஏழு மணிக்கு லாரி கிளம்பிவிட்டது. அந்தப் பெண் பஸ் பிடித்து முன்னாலேயே சேலம் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

சாயங்காலம் அவளிடமிருந்து போன். "சார், மஞ்சள் மூட்டைய பிரிச்சிட்டேன். வெறும் உப்புதான் இருக்குது. பெட்டி இல்ல."

"நல்லா தேடிப் பாரும்மா."

"கொட்டியே பாத்துட்டேன் சார். இது பெயிண்ட் மாதிரியும் இல்ல, கையில ஒட்டுது. நடுவுல குங்குமம் வேற வச்சிருக்குது."

குங்குமம் என்றதும் எனக்குச் சாமி மூட்டை ஞாபகத்துக்கு வந்தது. உடனே மேஸ்திரியைக் கூப்பிட்டேன். "ஏம்பா, சாமி மூட்டைன்னு எத இறக்குனீங்க?"

"மேல இருந்ததத்தான் மொதலாளி. எவனோ மஞ்ச மட்டும் வச்சிட்டு குங்குமம் வைக்காம உட்டுட்டான். சாமி கோவிச்சுக்காதா? நான்தான் எடுத்து ஒரு பொட்டு வச்சேன்" என்றார், பெரிய காரியம் செய்துவிட்ட திருப்தியோடு.

ஆக, கடைசியாக ஏறிய ஆராய்ச்சி மூட்டை சாமி மூட்டைக்கும் மேலே போய் விழுந்திருக்கிறது; சாமி மூட்டை சேலத்துக்குப் போய்விட்டது. மற்றது அய்யனார் காலடியில் உட்கார்ந்திருந்தது.

மறுநாள் காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினேன். மூட்டை மண்குதிரைக்குப் பக்கத்தில் பிரிக்காமல் அப்படியே இருந்தது. பூசாரியிடம் கேட்டதுதான் தாமதம், பிடித்துக்கொண்டார். "சாமிக்கு இறக்குனத திருப்பிக் கேக்கறியே, உனக்கே நல்லா இருக்குதா?"

"உப்பு வேணாங்க. உள்ள ஒரு பெட்டி இருக்குது."

"சாமி மூட்டைக்குள்ள பெட்டி வச்சவன் எவன்?"

"நான்தாங்க" என்றேன். அரைமணி நேரம் திட்டு வாங்கினேன். திட்டுவதில் நான் சாமானியன் இல்லை; ஆனால் அவருக்கு முன்னால் நான் கத்துக்குட்டி. கடைசியில் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டு, உப்பைச் சாமிக்கே விட்டுவிட்டு, பெட்டியையும் வெறும் சாக்கையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

கருவியின் வாடகை அன்றோடு முடிந்தது. இன்னொரு தடவை அனுப்பிப் பார்க்க வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் முடிவைச் சொல்லியாகவேண்டும். எனக்கோ சகலையின் சிரிப்புதான் கண் முன்னால் நின்றது. அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"சேலம் வரைக்கும் போன மாதிரி நாலு கோடு சேத்துப் போட்டுடும்மா. இவங்களுக்கு என்ன தெரியப்போகுது?"

"முடியாது சார்."

"உனக்குக் காசு வாங்கிக் குடுத்ததே நான்தாம்மா!"

"காசு வாங்கிக் குடுத்தீங்க சார். கோடு பெட்டி குடுத்தது. அதுல கை வைக்க மாட்டேன்" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. எக்கேடோ கெட்டுப்போ என்று வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தால், கோபம் அவள் மேல் இல்லை என்பது தெரிந்தது. அதற்குமேல் யோசிக்கப் பிடிக்காமல் படுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் எல்லார் முன்னாலும் நின்று, பெட்டி சேலத்துக்குப் போகவே இல்லை, கோயிலோடு சரி என்று நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். சங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. சகலை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அய்யனாருக்கே ஆராய்ச்சியா! செயலாளர் சார், ராஜினாமா லெட்டர் எழுதிட்டீங்களா?" என்றார்.

அவள் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, சுவரில் படம் காட்டினாள். "ரோட்டுல போன அரைமணி நேரம் இதுதான் சார்." சின்னச் சின்னக் கோடுகள். "அதுக்கப்புறம் கோயில்ல ஒண்ணுமே இல்ல. சாயங்காலமும் காலையிலயும் லேசா ஒரு நடுக்கம் வருது, அது உடுக்கை சத்தமா இருக்கும்." மறுபடி சிரிப்பு. பிறகு அவள் படத்தின் ஆரம்பத்தைக் காட்டினாள். அங்கே ஒரே ஒரு கோடு, மேல் விளிம்பை முட்டிக்கொண்டு நின்றது. "இது ஆறு இருபதுக்கு சார். லாரி கிளம்பவே இல்ல. மூட்டைய லாரில போட்டப்ப விழுந்த அடி." கோயிலிலிருந்து வந்த சாக்கைத் தூக்கிக் காட்டினாள். அடித்தையல் ஒரு சாண் அளவுக்கு விட்டிருந்தது. "ஒரே மூட்டை, ஒரே நாள். இத வச்சு முடிவு சொல்லக் கூடாது. அடுத்த வருஷம் நிறைய மூட்டைல வச்சுப் பாக்கணும்."

யாரும் சிரிக்கவில்லை. சகலைதான் முதலில் பேசினார். "அப்ப லோடுமேனுங்கதான் ஒடைக்கறானுங்க. கூலில பிடிச்சா சரியாப்போயிடும்." நாலைந்து பேர் ஆமாம் என்றார்கள்.

வாசலோரம் நின்றிருந்த மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பெண் முகம் சட்டென்று மாறியது. "கோயில்ல இறக்குனதும் இதே ஆளுங்கதான் சார். எறக்குன கோட்ட பாருங்க, இருக்கறதே தெரியல. குழந்தைய வைக்கிற மாதிரி வச்சிருக்காங்க. வைக்கத் தெரியாம இல்ல."

"அப்புறம் நம்ம மூட்டைய மட்டும் எதுக்குய்யா அப்படிப் போடறீங்க?" என்று சகலை மேஸ்திரியைப் பார்த்துக் கேட்டார். மேஸ்திரி வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என்ன சொல்லவேண்டியிருக்கும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆறு இருபதுக்கு லாரிக்குப் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தவன் யார்? நான் சும்மா இருந்திருந்தால் அன்றைக்கே அவர்கள் கூலியில் கை வைத்திருப்பார்கள். பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

எழுந்தேன். "அவர கேக்காத சகலை. அந்தக் கோடு நான்தான். சாமி மூட்டைய இறக்கும்போது யாரும் பக்கத்துல நின்னு கத்தல. நம்ம மூட்டைய ஏத்தும்போது நான் நின்னு, தூக்கிப் போடு தூக்கிப் போடுன்னு கத்தறேன். நீயும்தான் கத்தற. கூலில கை வைக்காதீங்க. அந்தப் பொண்ணுக்கு அடுத்த வருஷமும் காசு குடுங்க. பதவிய வேணும்னா இப்பவே எடுத்துக்க."

சகலை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு கையைத் தூக்கினார். "பதவிய நீயே வச்சுக்க, எவன் இந்த எழுத்து வேலையெல்லாம் பாக்கறது? புள்ளைக்கு காசக் குடு. அடுத்த வருஷம் ஒரு பெட்டிய இவன் கழுத்துலயும் கட்டிப் பாரும்மா."

சிரித்துக்கொண்டே ஒவ்வொரு கையாக உயர்ந்தது. அந்தப் பெண் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. மேஸ்திரி அப்போதுதான் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.