மஸ்கட்டில் அப்பாவின் வேட்டி

மஸ்கட் போன புதிதில் ஒருநாள் கைலியோடு ரொட்டி வாங்கக் கிளம்பினேன். அறையில் உடனிருந்த அதிராம்பட்டினத்துக்காரர் பின்னாலேயே ஓடிவந்தார். "தம்பி, கைலிய ரூமோட வச்சுக்கங்க. இங்க காலு தெரிய வெளியில போனா ஒரு மாதிரி பாப்பாங்க." அன்றிலிருந்து வாசலைத் தாண்டினால் பேன்ட்தான். சில வருடங்களில், தெருவில் யாராவது கைலியோடு போனால் நானே முகம் சுளிக்கும் அளவுக்குத் தேறிவிட்டேன்.

போன வருடம் அப்பாவை அங்கே அழைத்துப் போனேன். எங்களுக்கு நன்னிலம் பக்கம். அப்பா வாலிபத்தில் பண்ணைக் கூலி. பண்ணையார் வரப்பில் வந்தால், வேலையாட்கள் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். ஒருநாள் அப்பா இறக்காமல் நின்றார். மறுநாளே வேலை போயிற்று. பக்கத்து ஊர்களில் நாற்றுப் பறித்துத்தான் குடும்பத்தைக் காப்பாற்றினார். அதன்பிறகு எந்த அதிகாரி முன்னாலும் அவர் வேட்டி இறங்கியதில்லை. சின்ன வயதில் இந்தக் கதையை எத்தனை முறை சொல்லச் சொல்லிக் கேட்டிருப்பேன்!

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் இருவரும் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தோம். புழுக்கம் தாங்காமல் அப்பா வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டினார். அந்த நேரம் பார்த்து எதிரே என் மேனேஜர். கணுக்கால்வரை வெள்ளை அங்கி, கூடவே மனைவி, பிள்ளைகள்.

"அப்பா, வேட்டிய இறக்கிவிடுங்க."

"ஏம்ப்பா?"

"மேனேஜர் வர்றாருப்பா. சீக்கிரம் இறக்குங்க!"

அப்பா என் முகத்தையே பார்த்தார். பிறகு மடிப்பை அவிழ்த்தார்.

மேனேஜர் இரண்டு கைகளாலும் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஊர், உடம்பு எல்லாம் விசாரித்தார். அப்பாவின் காலை அவர் பார்த்தாரா என்பதே சந்தேகம்.

இந்த ஊர் வழக்கம் இப்படி என்று வீட்டிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்பா தாராளமாகக் கேட்டிருப்பார். அதை விட்டுவிட்டு, 'மேனேஜர் வர்றாரு' என்றேனே! படித்த நாக்கு இது. வெட்கமாக இருக்கிறது.

மீதி நாட்களில் அப்பா வீட்டுக்குள்ளேகூட வேட்டியை மடித்துக் கட்டவில்லை. "நம்ம வீடுதானேப்பா, மடிச்சுக் கட்டிக்கங்க" என்றேன். "இருக்கட்டும்ப்பா" என்றார். கோபமே இல்லாத குரல். திட்டியிருந்தாலாவது காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

இந்த வருடம் விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே டீக்கடையில் அப்பாவின் குரல் கேட்டது. வாய்க்காலில் தண்ணீர் வராததைப் பற்றி நாலு பேரோடு சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். வேட்டி முழங்காலுக்கு மேலே. பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. "அப்பா" என்று கூப்பிட்டேன்.

திரும்பினார். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு வேட்டியை இறக்கிவிட்டார்.