வெறுமையாக வந்த டின்

எங்கள் வீட்டில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. சதுர டின், ஒரு மூலை நசுங்கியிருக்கும். என் சின்ன வயதில் என்னைவிட அதிகமாக ஊர் சுற்றியது அதுதான்.

எல்லைப் பக்கம் இப்போதும் சண்டை நடக்கிறது. அங்கிருந்து வந்து நம் தெருவில் தங்கியிருக்கும் பிள்ளைகள் விளையாடக் கூப்பிட்டால் வருவதில்லை, பேசுவதும் இல்லை என்று நேற்று தெருப் பிள்ளைகள் நீங்கள் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் ரங்கூனில், பசுந்தாங் பகுதியில் நாலாவது மாடியில் குடியிருந்தோம். அப்பாவுக்கு அதே தெருவில் லேத் பட்டறையில் வேலை. அம்மா விடியுமுன் நகரத்து ஓரம் லைங் தாயாவில் இருக்கும் தையல் ஆலைப் பஸ்ஸில் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வருவாள். பள்ளி விட்டு வந்ததும் நான் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு தனியாக இருக்க வேண்டும். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. பால்கனியிலிருந்து தெரு வரைக்கும் ஒரு கயிறு தொங்கும். கீழே யாராவது அதை இழுத்தால் மேலே மணி அடிக்கும். எங்கள் கயிற்றை யாரும் இழுப்பதில்லை. நானே இழுத்து, நானே "யாரு?" என்று கேட்டுக்கொள்வேன்.

டின் அக்காவிடம் போய்வந்துகொண்டிருந்தது. அக்கா என்றால் பெரியம்மா மகள். பதினைந்து வயது. மலையடிவாரத்தில், சண்டை நடக்கும் ஊரில் இருந்தாள். பெரியம்மாவும் பெரியப்பாவும் வயலில் நின்றபோது குண்டு விழுந்து ஒரே நாளில் போய்விட்டார்கள். அடையாள அட்டை இல்லாத பிள்ளை, வழியில் இருக்கும் காவல் கேட்டுகளைத் தனியாகத் தாண்டி ரங்கூன் வந்து சேர முடியாது. அதனால் இடிந்தது போக மிச்சமிருந்த வீட்டிலேயே இருந்தாள்.

அம்மா அந்த டின்னில் அவல், கருவாடு, இறால் பொடியைப் பூண்டு மிளகாயோடு பொரித்த பலாச்சாங் எல்லாம் அமுக்கி அமுக்கி நிரப்புவாள். அந்த ஊர் வழியாகப் போகும் பஸ்ஸின் கண்டக்டர் அதை வாங்கிக்கொள்வார். ஒரு வாரம் டின் போகும், அடுத்த வாரம் திரும்பி வரும்.

வரும்போது வெறுமையாக வராது. ஏனத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது அம்மா பிறந்த வீட்டுப் பழக்கம். ஒரு பிடி உப்பாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். பெரியம்மாவும் மகளை அப்படித்தான் வளர்த்திருந்தாள். வறுத்த புளியங்கொட்டை வரும், காட்டு நெல்லிக்காய் வரும், அவித்துக் காயவைத்த ஏதோ கிழங்கு வரும். ஒரு தடவை விரல் நீளத்தில், ஒரு முனை மூடிய பித்தளைக் குழல் ஒன்று வந்தது; வயலில் பொறுக்கியதாம். ஊதினால் விசில் போல் கத்தும். பட்டறையில் சிந்தும் பித்தளைத் தூளைக்கூடக் கூட்டி அள்ளும் என் அப்பா, அதை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்ப் பசுந்தாங் ஓடையில் வீசிவிட்டு வந்தார். நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

எனக்கு அக்காமேல் ஒரே பொறாமை. அவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை, திட்ட ஆள் இல்லை, காடு முழுக்க அவளுடையது. மத்தியானங்களில் அந்தக் கிழங்கைக் கடித்துக்கொண்டு, நானும் அங்கே போய்விட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைப்பேன்.

அந்த மழைக்காலத்தில் சண்டை பெருத்துப் பாதை அடைபட்டது. டின் அங்கே மாட்டிக்கொண்டது. வாரக்கணக்கில் பஸ் போகவில்லை. திடீரென்று ஒருநாள் பாதையைத் திறந்தார்களாம். எங்களுக்குச் சேதி வருமுன்பே பஸ் போய்த் திரும்பிவிட்டது.

அன்று மத்தியானம் மணி அடித்தது. எட்டிப் பார்த்தேன். கண்டக்டர் டின்னைக் கயிற்றில் கட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். ஆசையாக மேலே இழுத்துத் திறந்தேன்.

ஒன்றுமே இல்லை. நன்றாகக் கழுவித் துடைத்த வெறும் டின்.

சாயங்காலம் அம்மா வந்ததும், "அக்கா என்னை மறந்துட்டா" என்று புகார் சொன்னேன். அம்மா டின்னை வாங்கினாள். உள்ளே கையை விட்டு அடிப்பக்கம் முழுக்கத் தடவிப் பார்த்தாள். ஆலை உடுப்பைக்கூட மாற்றாமல் என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்குப் போனாள்.

"இதை யார் தம்பி குடுத்தது?"

"அந்தப் பொண்ணுதான் அடோ" என்றார் கண்டக்டர். பர்மியர்கள் அத்தையை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"நின்னுக்கிட்டா குடுத்தா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "இல்ல அடோ. வேலி ஓரமா உக்காந்திருந்தா. நான்தான் இறங்கிப் போய் வாங்கினேன்."

நின்றால் என்ன, உட்கார்ந்தால் என்ன? அம்மா ஏன் இதையெல்லாம் கேட்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. அம்மா அங்கேயே மறுநாள் பஸ்ஸுக்கு இடம் சொல்லிவிட்டாள்.

வீட்டில் அப்பா குதித்தார். "வழியில பாலத்தையே உடைச்சுப் போட்டவன், மறுபடியும் பாதைய அடைப்பான். நீயும் மாட்டிக்கிட்டா இவனை யாரு பாக்குறது?"

"இவனுக்கு நீங்க இருக்கீங்க. அதுக்கு யாரு இருக்கா?"

"அட்டை இல்லாத புள்ளைய எப்படிக் கொண்டாருவே? கேட்டுக்குக் கேட்டு கேப்பானே."

"என் மகள்னு சொல்லுவேன்."

"சொன்னா நம்பணுமே. உன் மூஞ்சி வேணாமா?"

"எங்க அக்கா மகளுக்கு என் மூஞ்சிதான்."

விடிந்ததும் பஸ் வரைக்கும் அப்பாவே பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

அம்மா இல்லாத நாட்களில் அப்பா சோறு வடிப்பார். ஒருநாள் குழையும், ஒருநாள் கருகும். "சாப்பிடுடா, உங்கம்மா வந்தா இந்த ருசி கிடைக்காது" என்பார். நான் சிரிப்பேன். அவர் தட்டில் சோறு அப்படியே கிடக்கும். மத்தியானங்கள் முன்னைவிட நீளமாகிவிட்டன. பால்கனிக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு தெருமுனையையே பார்த்திருப்பேன். அம்மாவின் குடை நிறத்தில் எத்தனையோ குடைகள் வந்தன. எல்லாம் வேறு வீடுகளுக்குப் போயின.

ஒரு சாயங்காலம் அம்மா வந்தாள். கூடவே ஒரு உருவம். நாலு மாடி ஏற அவர்களுக்கு வெகுநேரம் ஆனது. மாடிக்கு மாடி உட்கார்ந்து உட்கார்ந்து வந்தார்கள். பாதியில் அப்பா இறங்கிப் போய் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

என் மனதில் இருந்த அக்கா மரம் ஏறுகிறவள், நல்ல உயரம். இவளோ அம்மாவின் சட்டைக்குள் காணாமல் போயிருந்தாள். மணிக்கட்டு என் மணிக்கட்டைவிடச் சிறிது. மொட்டைத் தலை. சுவரோடு ஒட்டி உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா கஞ்சி கரைத்துக் கொடுத்தாள். அக்கா கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தாள். எனக்கோ கேட்க வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏன்க்கா டின்னை வெறுமனே அனுப்பினே?"

அப்பா என்னை முறைத்தார். அக்கா முதல் தடவையாக என்னைப் பார்த்தாள்.

"வெறுமனே அனுப்பலடா. உனக்குன்னு ரெண்டு கிழங்கு வச்சிருந்தேன். பஸ் வர நேரமாச்சு. பசிச்சுது. எடுத்துத் தின்னுட்டேன்."

"ரெண்டையுமா?"

"ரெண்டையும்தான்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "திருடி!" என்றேன். அக்காவும் சிரித்துவிட்டாள். கஞ்சி புரையேறியது, அப்படியும் சிரித்தாள். அந்த வீட்டில் என்னோடு சேர்ந்து சிரிக்க ஒரு ஆள் வந்தது அன்றுதான்.

அம்மா எழுந்து அடுக்களைக்குள் போனாள். பின்னாலேயே போய் எட்டிப் பார்த்தேன். அடுப்பு எரியவில்லை. அதன்மேல் இருந்த காலிச் சட்டியை எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிண்டிக்கொண்டிருந்தாள். இவ்வளவு வேடிக்கையான பேச்சுக்கு அம்மாவுக்கு மட்டும் ஏன் சிரிப்பு வரவில்லை என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.