கல்யாணக் கலரும் படிகாரக் கட்டியும்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் எழுபதுகளில் சங்கரன்கோவிலில் என் சோடாவுக்கும், கலர் என்கிற இனிப்புச் சோடாவுக்கும் நிகர் கிடையாது. ஓர் ஐப்பசி மழையில் என் கிணற்று நீர் செம்மண்ணாகக் கலங்கிவிட்டது. மறுநாள் ராயகிரியில் ஒரு கல்யாணம். கலர் முழுக்க என் பொறுப்பு. பெண்ணின் தகப்பனார் வந்து, நான் தண்ணீர் இறைத்து வைத்திருந்த தொட்டியை எட்டிப் பார்த்தார்.

"என்ன வே, மாப்பிள்ள வீட்டாருக்குச் சேத்தையா ஊத்தப் போறீரு? வேற கடையப் பாக்கட்டுமா?"

"சாயந்திரம் வந்து பாரும்" என்றேன்.

உப்புப் போட்டால் மண் படியும் என்று கேள்விப்பட்டிருந்தேன். மூன்று கண்ணாடித் தம்ளர்களில் அந்தக் கலங்கலை மொண்டு வைத்தேன். முதலாவதில் சமையல் உப்பு. கைநிறையப் போட்ட பிறகுதான் தெளிந்தது. வாயில் வைத்தால் கடல் தண்ணீர். இரண்டாவதில் பேதி உப்பு. ஒரு கரண்டியிலேயே மண் படிந்தது. பக்கத்துச் சவரக்கடைக்காரர் சிரித்தார்.

"அண்ணாச்சி, இதுல கலர் போட்டா, தாலி கட்டுத நேரத்துல பந்தல்ல ஒருத்தரும் இருக்க மாட்டாவ!"

அவர் கையில், மழித்த முகத்தில் தடவும் படிகாரக் கட்டி இருந்தது. அதுவும் ஒருவகை உப்புதானே? வாங்கிக் கழுவி, கடுகளவு பொடித்து மூன்றாவதில் கலக்கினேன். மண் திரிதிரியாகத் திரண்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடியில் இறங்கியது. உப்பில் அளவைவிட இனம்தான் முக்கியம் என்று எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

கட்டி முழுவதையும் இடித்துத் தொட்டியில் போட்டேன். சாயந்திரம் வந்தவர் ஒரு தம்ளர் மொண்டு குடித்தார்.

"எந்தக் கெணத்துத் தண்ணி வே இது?"

"காலையில நீரு சேறுன்னு சொன்ன தண்ணிதான்."

மறுநாள் பந்தலில் மாப்பிள்ளை வீட்டார் இரண்டாவது பாட்டில் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். அன்று சவரக்கடைக்கு வந்தவர்கள்தான் பாவம், படிகாரம் இல்லாமல் எரிகிற முகத்தோடு வீட்டுக்குப் போனார்கள்.