மழை பெய்தால் வேலை இல்லை

அலாரம் அடிப்பதற்கு முன்பே எனக்கு விழிப்பு வந்துவிடும். பிரச்சினையே அதுதான். அலாரம் எழுப்பினால் அதைத் திட்டிக்கொண்டாவது எழுந்துவிடலாம். தானாக விழித்துக்கொண்டவன் யாரைத் திட்டுவது? அதனால் படுத்தபடியே இருட்டில் அருமையான வாக்கியங்களை எழுதுவேன். மின்விசிறிச் சுழற்சிக்குத் தக்கபடி அவை நீளும், மடங்கும், ஒன்றின் வாலை ஒன்று பிடிக்கும். எழுந்து முகம் கழுவியதும் எல்லாம் தண்ணீரோடு போய்விடும். மிஞ்சுவது பற்பசை வாசம்.

இப்படியே எத்தனையோ வருடம் ஓடிவிட்டது. பகலில் கோல சிலாங்கூரில் அலுவலக வேலை, சாயங்காலம் களைப்பு, நடுவில் ஒரு புத்தகம். நான் எழுதுவதாகச் சொல்லிக்கொண்டிருந்த புத்தகம். கடலுக்கும் செம்பனைக்கும் நடுவில் வசிக்கிறவர்களைப் பற்றி. கல்யாண வீடுகளில் யாராவது, "புத்தகம் எப்ப வருது?" என்று கேட்டால், "வந்துகிட்டே இருக்கு" என்பேன். பக்கத்தில் நிற்கும் என் மனைவி, "நடந்து வருது" என்பாள்.

அந்த மனைவிதான் ஒரு நாள், ஆடி பிறந்த கையோடு, தன் தையல் அறையை எனக்குக் காலி செய்து கொடுத்தாள். புக்கிட் ரோத்தானில் எங்களுடையது தாமான் குடியிருப்பில் ஒரு சின்ன வீடு. வாசலை ஒட்டிய அந்த ஓர் அறைதான் கதவைச் சாத்திக்கொள்ளத் தோதானது. அங்கேதான் பெண்களுக்கு அளவெடுத்து ரவிக்கை தைப்பாள். தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சமையல்கட்டுக்குப் போகிற வழியில், ஐஸ்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஆவணி முடியற வரைக்கும் உங்களுக்கு. அதுக்கப்புறம் தீபாவளித் துணி வந்துரும். முடிச்சாலும் முடிக்காட்டியும் ரூம் எனக்கு."

"முடிச்சிடுவேன்."

"நான் ஒண்ணும் கேக்கலையே."

முதலில் நல்ல பழக்கங்களைச் சேகரித்தேன். எழுதுவதைவிட அது சுகமாக இருந்தது. வெற்றி பெற்றவர்கள் விடிகாலையில் என்ன செய்கிறார்கள் என்று சொல்லும் காணொளிகளைப் பார்த்தேன். ஒருவர் பச்சைத் தண்ணீரில் குளிக்கச் சொன்னார், குளித்தேன். தும்மினேன். இன்னொருவர் மேசையில் வேறு எதுவும் இருக்கக் கூடாது என்றார். மேசையைத் துடைத்தேன், மறுபடி துடைத்தேன், அது பளபளத்தது. கைப்பேசியில் ஒரு செயலி இறக்கினேன். உட்கார்ந்து வேலை செய்தால் திரையில் ஒரு செடி வளரும், எழுந்து போனால் வாடும். என் மனைவி வாடிய செடிகளை எட்டிப் பார்த்துவிட்டு, "வாசல்ல இருக்கற நெசச் செடியே உங்களால வாடிப்போச்சு, இதுல ஃபோன்ல வேறயா?" என்றாள்.

கடைசியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவனுக்குத்தான் இந்த யோசனை வரும். தோட்டத்தில் விடிவதற்கு முன் ஆட்களை வரிசையில் நிற்க வைத்துப் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பார்கள். அதற்குப் பெரட்டு என்று பெயர். எனக்குச் செயலி எதற்கு, ஆட்களை மேய்க்கிற ஒரு மண்டோர் போதுமே. என் மனைவியோ ஈஜோக் பக்கம் ஒரு தோட்டத்து மண்டோரின் மகள்.

"காலையில பெரட்டுக்குக் கூப்பிடற மாதிரி என்னைக் கூப்பிடு."

"உங்க ஆளுங்களை எழுப்பி எழுப்பியே எங்கப்பாவுக்குத் தொண்டை போச்சு. எனக்கும் போகணுமா?"

ஆனாலும் கூப்பிட்டாள். சமையல்கட்டிலிருந்து, கோப்பி கலக்கிக்கொண்டே, தெருவுக்கே கேட்கும்படி: "பெரட்டு!" நான் உள்ளேயிருந்து, "வந்துட்டேன்" என்பேன். நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் கோப்பி வரும். சத்தியமாக வேலை செய்தது. ஆற்றைப் பற்றி இரண்டு பக்கம் வந்தது. ஆற்றுமேல் விழும் வெளிச்சத்தைப் பற்றி இன்னும் நாலு.

பிறகு மழை வந்தது. மேற்கே நீரிணைப் பக்கமிருந்து விடியலுக்கு முன்னால் காற்றோடு கிளம்பி வந்து தகரத்தில் கொட்டும் மழை. எல்லாச் சத்தத்தையும் தின்றுவிட்டுத் தான் மட்டும் பேசும் மழை. அந்த மழைக்கு நடுவில் "பெரட்டு!" என்று குரல் வந்தது.

"மழை பெய்யுது" என்றேன், போர்வைக்குள்ளிருந்து.

"பெஞ்சா?"

"மரம் நனைஞ்சிருக்குமே."

சமையல்கட்டில் கரண்டி விழும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு சிரிப்பு. அப்புறம்தான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. என் அப்பா அம்மா இருவரும் பால்மரம் சீவியவர்கள். பட்டை நனைந்திருந்தால் பால் மங்குக் கிண்ணத்தில் விழாது, கண்டபடி வழிந்தோடும். அதனால் மழை பெய்தால் வேலை இல்லை. நானோ வாழ்க்கையில் ஒரு மரத்தையும் சீவியதில்லை. ஆனால் என் உடம்பு மழைச் சத்தத்தைக் கேட்டதும் அவர்கள் எடுக்காமல் விட்ட ஓய்வையெல்லாம் சேர்த்து எடுத்துக்கொண்டது.

"எந்த மரம்?" என்று படுக்கையறை வாசற்படியில் வந்து நின்றாள். கண்ணில் நீர் முட்டச் சிரித்திருந்தாள். "கூரைக்குக் கீழ உக்காந்து எழுதற ஆளுக்கு எந்த மரம் நனையுது?"

பக்கத்து வீட்டுத் தம்பி செம்பனைப் பழ லோரி ஓட்டுகிறவர். மறுநாள் மழையில், லோரியைச் சூடேற்றிக்கொண்டே, மதிலுக்கு மேலாகக் கத்தினார்.

"அண்ணே! மரம் நனைஞ்சிருச்சாம், அக்கா சொன்னாங்க! படுங்க லா, நல்லாப் படுங்க! செம்பனைக்கு மழையும் ஒண்ணுதான் வெயிலும் ஒண்ணுதான், நாங்க போறோம்!"

நானும் சிரித்தேன். ஆனால் அதற்குப் பிறகும் மழை நாளில் எழவில்லை. அதைவிட மோசம், முதல்நாள் சாயங்காலமே மேற்கு வானத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். அங்கே கறுத்திருந்தால் மனசுக்குள் ஒரு குளிர்ச்சி. புத்தகம் எழுத வேண்டியவன், அதை எழுதாமல் இருப்பதற்கு மேகத்திடம் மனு போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை, நல்ல மழையில், புக்கிட் பெலிம்பிங்கிலிருந்து ஓர் அம்மாள் மகளோடு வந்தார். வழக்கமாக வருகிறவர்கள்தான். மகளுக்குக் கல்யாணம், எல்லா ரவிக்கையும் இங்கேயே தைக்க வேண்டும் என்றார்கள். நான் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு மேசையில் தலை சாய்த்திருந்தேன். ஐஸ்பெட்டிப் பக்கத்தில் அளவு எடுக்கும் பேச்சு கேட்டது. எனக்குத் தாகம். எதையும் யோசிக்காமல் கதவைத் திறந்துகொண்டு தண்ணீர் எடுக்கப் போனேன். அந்தப் பெண் சட்டென்று துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"அந்த ரூம் இல்லையா இப்ப?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"அவரு எழுதறாரு" என்றாள் என் மனைவி.

என் கன்னத்தில் மேசை விளிம்பின் தடம் இருந்திருக்க வேண்டும். அந்த அம்மாள் என்னைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், மரியாதையாகச் சிரித்தார். "பரவால்ல, டவுன் கடையில குடுத்துக்கறோம்" என்று துணிப்பையை எடுத்துக்கொண்டு குடையை விரித்தார்.

என் மனைவியிடமிருந்து கேலியாக ஒரு வார்த்தைகூட இல்லை. அளவு நாடாவை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். அவள் கேலி செய்யாத நேரத்தில் எங்கள் வீடு இவ்வளவு சத்தமில்லாமல் இருக்கும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

தையல் மிஷினைத் தூக்கப் போனேன். "இப்பவே ரூமை எடுத்துக்க" என்றேன்.

"வைங்க கீழ." நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஆவணி இன்னும் முடியல. பாவப்பட்டுத் திருப்பிக் குடுக்கற ரூம் எனக்கு வேணாம். நான் அவங்ககிட்ட என்ன சொன்னேன்? எழுதறாருன்னு சொன்னேன். அதைப் பொய்யாக்காம இருங்க, போதும்."

மறுநாள் மழை. பெரட்டுக் குரல் வரவில்லை, நானாக எழுந்தேன். மழையை நல்லவிதமாக எழுத நினைத்தேன், முடியவில்லை. அழகாக வரவில்லை என்று தெரிந்தே எழுதினேன். கால் குளிர்ந்தது, அதையும் எழுதினேன், வாக்கியங்கள் நொண்டின, ஒரு பக்கம் முழுக்க ஒன்றுமே இல்லாமல் நிரம்பியது. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். வானம் வெளுத்த நாட்களிலும் பெரிய மாற்றம் இல்லை. உட்காரும் பழக்கம் வந்தது என்று பெருமையாகச் சொல்ல ஆசைதான். வந்தது பழக்கமில்லை, கூச்சம். என்னைப் பற்றி ஒருத்தி வெளியாளிடம் சொன்ன ஒரு வார்த்தைக்குக் காவல் இருந்தேன். வேலையும் சிணுங்கிக்கொண்டே நடந்தது.

ஆவணி முடிந்த அன்று புத்தகம் பாதியில் இருந்தது. பாதிக்குக் கொஞ்சம் கூட என்று சொல்லலாம், சொன்னால் அவள் அளவு நாடாவை எடுத்து வருவாள். காகிதங்களை அவளிடம் நீட்டினேன். நின்றபடியே சிலவற்றைப் படித்தாள்.

"ஆத்துமேல வெளிச்சம் விழறது நாலு பக்கம் விழுது."

"ம்."

"பின்னாடி அழகாவே இல்லாம ஒண்ணு இருக்கே, கால் குளிர்ற பக்கம். அது நல்லாருக்கு." காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "மிஷினைத் தூக்குங்க."

தூக்கினேன். அறையில் திரும்பவும் துணி வாசம் அடித்தது. அந்த அம்மாள் வரவில்லை, வேறு பலர் வந்தார்கள், கதவு சாத்தப்பட்டது. என் மேசையை அவளே வெளியே இழுத்து ஐஸ்பெட்டிக்குப் பக்கத்தில், மிஷின் இருந்த இடத்தில் போட்டாள்.

"இங்கேயா? எல்லாரும் போற வழியாச்சே."

"போனா என்ன, உங்களுக்கு யாரு அளவெடுக்கப் போறா?"

இப்போது காலையில் வேலைக்குக் கிளம்பும் வரை அங்கேதான் உட்காருகிறேன். தீபாவளி நெருங்குவதால் அவளும் இருட்டிலேயே தொடங்கிவிடுகிறாள். கதவுக்கு அந்தப் பக்கம் மிஷின் ஓடும், இந்தப் பக்கம் என் பேனா கீறும். மிஷின் ஓடும்வரை எழ மனம் வருவதில்லை. இன்று திடீரென்று அது நின்றது. என் கையும் நின்றது.

"என்னாச்சு, சத்தத்தையே காணோம்?" என்று உள்ளேயிருந்து குரல்.

"நீதானே நிறுத்தின."

"நான் நூல் மாத்தறேன். நீங்க என்ன மாத்தறீங்க?"

வெளிச்சத்தைப் பற்றிய ஒரு வரியை மாற்றிக்கொண்டிருந்தேன். அதை அவளிடம் சொல்ல முடியாது. அந்த வரியை அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.