பயந்தவன் வீட்டுக்குப் போகலாம்

துறைமுகத்தில் நான் சேர்ந்த கூலிக் கூட்டத்தில், கப்பலின் சரக்கறைக்குள் இறங்குமுன் நான்கு கேள்விகள் கேட்பார்கள். வேறு எந்தக் கூட்டத்திலும் அந்த வழக்கம் இல்லை. யுத்தம் முடிந்து ரேஷன் அரிசிக்கு ஊரே வரிசையில் நின்ற காலம். தானியக் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. நான் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். எர்ணாவூர்ப் பக்கம் மண் வெட்டி, எண்ணூரில் உப்பு வாரி, கடைசியில் அங்கே ஒதுங்கியிருந்தேன்.

எங்கள் மேஸ்திரி திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர். ராயபுரத்தில் குடியிருந்தார். சரக்கறையின் வாயை மூடிய பலகைகளை எடுத்ததும் விளிம்பில் நின்று கேட்பார். புது வீடு கட்டி இன்னும் குடிபோகாதவன் உண்டா? தோட்டம் வைத்து இன்னும் பலன் சாப்பிடாதவன் உண்டா? பெண் நிச்சயமாகி இன்னும் தாலி கட்டாதவன் உண்டா? கடைசியாக, பயப்படுகிறவன் உண்டா? இருந்தால் வீட்டுக்குப் போகலாம். இஸ்ரவேலர் போருக்குப் புறப்படும்போது சேனைக்கு முன்னால் நின்று கேட்கச் சொல்லி மோசே வைத்த சட்டம் அது என்பார்.

"மேஸ்திரி, நேத்து முருங்கக் கொம்பு நட்டேன். வூட்டுக்குப் போவட்டா?" என்பான் காசிமேட்டுக்காரன் ஒருவன். என் தோஸ்து.

"காய்க்கட்டும்லே. மொதக் காயை எனக்குக் கொண்டா."

சிரிப்பெல்லாம் இருந்தாலும், அவனுக்குப் பெண் நிச்சயமானபோது மேஸ்திரி சட்டத்தை விடவில்லை. கல்யாணம் முடியும்வரை அவனை உள்ளே இறக்காமல், மேலே நின்று கிரேன்காரனுக்குக் கைகாட்டும் வேலை கொடுத்தார். கூலியைக் குறைக்கவில்லை. போருக்குப் போனவனுக்கும் மூட்டை காத்தவனுக்கும் ஒரே பங்கு, அதுவும் அவர்கள் சட்டம்தான் என்றார்.

நாலாவது கேள்விக்கு மட்டும் யாரும் கை தூக்கியதில்லை.

அந்த மழைக்காலத்தில் ஒரு கப்பல் வெகுநாள் வெளியே நங்கூரமிட்டுக் கிடந்துவிட்டு உள்ளே வந்தது. பலகையை எடுத்ததும் புளித்த கஞ்சி வாடை. உள்ளிருந்து வெதுவெதுவென்று காற்று வந்தது. சிந்தும் தானியத்துக்காக விளிம்பிலேயே கூடும் புறாக்கள் அன்று தூரத்துக் கயிறுகளில் உட்கார்ந்திருந்தன. தோஸ்துக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. அன்று அவனும் இறங்கவேண்டியவன்.

மேஸ்திரி நாலும் கேட்டார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம். பிறகு அவரே கையைத் தூக்கினார்.

"எனக்குப் பயமாயிருக்கு. நான் வீட்டுக்குப் போறேன்."

ஒப்பந்தக்காரரின் ஆள் கத்தினான். "இன்னாய்யா இது! மேஸ்திரியே பூட்டா கேங்க யாரு பாக்கறது?"

"பயந்தவன் போனபொறவுதான் தலைவன வைக்கணும். சட்டத்துல வரிசை அப்படித்தான். வையும்வே," என்று கப்பலை விட்டுப் போய்விட்டார்.

ஒருவன் நெஞ்சு கரைந்தால் மற்றவர் நெஞ்சும் கரையும், அதனால்தான் பயந்தவனை முதலில் அனுப்புவது என்று அவர் சொல்லியிருக்கிறார். எங்கள் நெஞ்சு அவர் போனபிறகுதான் கரைந்தது. ஒவ்வொருவராகக் கரைக்கு வந்துவிட்டோம். வேறு கூட்டம் வந்து அந்தக் கப்பலைக் காலி செய்தது. அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. துறைமுகமே சிரித்தது. மேஸ்திரிக்கு மறுபடி கூட்டம் கொடுக்கவில்லை. எண்ணெய்க் கடையில் பீப்பாய் உருட்டப் போனார். "யாருக்கும் ஒண்ணும் ஆகலியே, அதுக்கு ஸ்தோத்திரம்" என்றார். வருத்தமாகத் தெரியவில்லை.

நானும் தோஸ்தும் இன்னொரு கூட்டத்தில் சேர்ந்தோம். மழை விட்டபிறகு ஒரு கப்பல். பலகையை எடுத்தார்கள். அதே புளிப்பு. புது மேஸ்திரி பீடியை அணைத்துவிட்டு, "எறங்கு, எறங்கு" என்றான். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமலே நான் பதில் சொன்னேன்.

"எனுக்கு பயமா கீது. நான் எறங்கல."

"போய் உன் பழைய மேஸ்திரியோட ஜெபம் பண்ணு, போ!"

எல்லோரும் சிரித்தார்கள். தோஸ்தும் சிரித்தான். அவன் கையைப் பிடித்து இழுத்தேன். "வாடா, பூடலாம்."

"உனுக்கு இன்னா மாமு, ஒண்டிக்கட்ட. எனுக்கு வூட்ல பொண்டாட்டி கீறா," என்று கையை உதறிவிட்டு ஏணியில் கால் வைத்தான்.

புளித்த தானியத்தின் கெட்ட காற்றில் முதலில் மயங்கி விழுந்தது அவன்தான். தூக்கப் போனவனும் விழுந்தான். மேலே கொண்டுவந்தபோது இரண்டு பேருக்கும் மூச்சில்லை.

அவன் மனைவியிடம் சொல்ல யாரும் முன்வரவில்லை. எண்ணெய்க் கடைக்குப் போய் பழைய மேஸ்திரியைக் கூப்பிட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். காசிமேடு வரை நடந்தோம். குடிசைகள் தெரிந்ததும் நின்றார்.

"புதுசாத் தாலி கட்டினவனை ஒரு வருசம் போருக்கு அனுப்பக்கூடாது. அதுவும் சட்டத்துல உண்டு. நான் கல்யாணத்தோட நிறுத்திட்டேன்லே. அதை அவனுக்குச் சொல்லவே இல்ல."

குடிசைக் கதவு திறந்திருந்தது. வாசலோரம் மணலில் முருங்கைக் கொம்பு ஒன்று நட்டிருந்தது. அவன் அதை வேடிக்கைக்குச் சொன்னதாகவே நான் அதுவரை நினைத்திருந்தேன்.