தரை தெரியாத பாதங்கள்

அந்தமானில் எங்கள் பாம்பூஃப்ளாட் துறையில் படகை விட்டு இறங்கியபோது என் மகள் நஸ்ரினின் ஒரு காலில் செருப்பு இல்லை. நான் கேட்ட பிறகுதான் அவளே குனிந்து பார்த்தாள்.

"கழண்டது காலுக்குத் தெரியாதாடி?"

"தெரியலம்மா."

இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வாயைப் பார் என்று நினைத்தேன். அதுதான் முதல் அறிகுறி.

பிறகு நாக்கு சிவந்து வழவழப்பானது. ரசம் பட்டாலே எரிகிறது என்றாள். முகம் வெளுத்தது. படியேறினால் மூச்சு வாங்கியது. பக்கத்து கிளினிக்கில் ரத்தசோகை (சிவப்பணுக்கள் குறைவது) என்றார்கள். சாப்பாடு எப்படி என்று டாக்டர் கேட்டதும் கணவரின் அம்மாவான என் மாமி முந்திக்கொண்டார்.

"மச்லி இல்லாம எங்க வீட்ல சோறே இறங்காது, டாக்டர் சாப். மீன் திங்கிற பிள்ளைக்குச் சத்துக் குறையுமா?"

தீவுக்காரப் பெருமை! நானும் தலையாட்டினேன். டாக்டர் இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் (ரத்தம் ஊற உதவும் வைட்டமின்) எழுதித் தந்தார். நாங்கள் எங்கள் பங்குக்குச் சூரை மீனைக் கூட்டினோம்.

நிறம் திரும்பியது. "தேறிட்டா, பாத்தியா?" என்று மாமி பூரித்தார். ஆனால் நடை கெட்டது. படகுப் பலகையில் ஏறும்போது தன் காலையே பார்த்துப் பார்த்து வைத்தாள். ஒருநாள் தொழுகைக்கு ஒளு (தொழுமுன் கை, முகம், கால் கழுவுவது) செய்கையில், முகம் கழுவக் கண்ணை மூடியவள் அப்படியே சாய்ந்து குழாயில் நெற்றியை இடித்துக்கொண்டாள். தரை காய்ந்துதான் கிடந்தது. வழுக்கியிருக்க வழியே இல்லை.

போர்ட் பிளேரில் குழந்தைகள் டாக்டரிடம் இதைச் சொன்னேன். மதுரைக்காரர். நஸ்ரினை நிற்கவைத்து, "கண்ணை மூடும்மா" என்றார். மூடிய மறுகணம் அவர் கைகளிலேயே விழுந்தாள். என் கணவர் எழுந்து நின்றுவிட்டார்.

ரத்தப் பரிசோதனையில் பி12 (ரத்தத்துக்கும் நரம்புக்கும் வேண்டிய வைட்டமின்) மிகக் குறைவு என்று வந்தது.

"தினமும் மீன்தானே டாக்டர் குடுக்குறோம்!" எனக்குக் கோபமே வந்தது.

"அதுனாலதான் சந்தேகமே. இவ்ளோ மீன் சாப்பிட்டும் இல்லேன்னா, குறை தட்டுல இல்லம்மா, குடல்ல. அது பி12-ஐ உறிஞ்சல. நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?"

"மாமா மகன்" என்றேன். நான் மச்சான் என்றே கூப்பிடும் என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

இது பரம்பரையாக வரும் குறை என்றார் டாக்டர். இருவரிடமும் ஒளிந்திருந்த ஒன்று பிள்ளையிடம் சேர்ந்திருக்கிறது. மரபணுச் சோதனை பின்னால் அதை உறுதி செய்தது. ஃபோலிக் அமிலம் ரத்தத்தை மட்டும் தேற்றி, உள்ளே நரம்பு நலிவதை மறைத்திருந்தது. நாங்கள் ஊட்டிய மீனெல்லாம் விழலுக்கு இறைத்த நீர்.

"நடை திரும்புமா டாக்டர்?"

"ரத்தம் சீக்கிரம் சரியாகும். நரம்பு எவ்வளவு தேறும்னு இப்பச் சொல்ல முடியாது. ஊசியை மட்டும் ஆயுசுக்கும் விடக்கூடாது."

முதலில் அடிக்கடி போர்ட் பிளேர் போய் ஊசி. காற்று பலத்துப் படகு நின்ற நாளில், மச்சான் அவளை மடியில் வைத்துச் சுற்றுச்சாலை பஸ்ஸில் போனார். திரும்பி வரும்வரை நான் வாசலிலேயே நின்றேன். நாக்கு ஆறியது, மூச்சு வாங்குவதும் நின்றது. கால் மட்டும் அப்படியே இருந்தது. தடவிக் கேட்டால், "தெரியலம்மா."

உங்கள் பிள்ளை கண்ணை மூடினால் தடுமாறுகிறதா? டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். நன்றாகச் சாப்பிடுகிறாள் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள்.

இப்போது எங்கள் வீட்டில் மாதம் என்பது ஓர் ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் நடுவில் இருப்பது. ஒரு மழைக்காலக் காலையில் அவள் ஒளு செய்ய நின்றாள். வழக்கம்போல நான் பின்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். கண்ணை மூடி முகத்தில் தண்ணீர் அடித்தாள். லேசாக ஆடினாள், விழவில்லை. பிறகு ஒரு காலைத் தூக்கினாள்.

"என்னடி?"

"தரை சில்லுன்னு இருக்கும்மா."

நானும் செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் நின்றேன். சில்லென்றுதான் இருந்தது.