பொண்டி வீட்டுக்கு எந்த சொபாஜ்

புலம்பெயர்ந்து வந்த நகரில், தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் ஒரு பலசரக்குக் கடையில் எனக்கு வேலை. புறநகரான பொண்டியில் நாங்கள் வாங்கிய வீடு மிகப் பழையது. நிலவறையில் எண்ணெயில் எரியும் கொதிகலன் ஒன்று இருந்தது. அதுதான் வீட்டின் சொபாஜ். அதன் சுடுநீர் குழாய் வழியே ஓடி அறைகளைச் சூடாக்கும். இன்னும் பத்து வருடம் ஓடும் என்றார் விற்றவர். நம்பினேன்.

இரண்டாவது மாரிக் குளிரில் எனக்கும் மனைவிக்கும் தலையிடி விடவில்லை. மகள் வாந்தி எடுத்தாள். ஊரெல்லாம் காய்ச்சல், அதுவாக்கும் என்றிருந்தோம். குளிர் வராதபடி யன்னல் இடுக்குகளுக்கு நானே நாடா ஒட்டியிருந்தேன்.

கடைக் குளிரூட்டியைத் திருத்த வந்த அண்ணையிடம் ஒரு காலை பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன்.

"இப்ப தலையிடிக்குதோ தம்பி?"

"இல்லை அண்ணை. கடைக்கு வந்தா விட்டிடுது."

அவர் கைவேலையை நிறுத்தினார். "வீட்டிலை ஆர் நிக்கினம்?"

"மனிசியும் பிள்ளையும்."

"உடனை போன் எடும். யன்னலைத் திறந்துபோட்டு வெளியிலை போகச் சொல்லும். கொதிகலன் புகையிலை இருக்கிற நச்சுக்காத்து உள்ளுக்கு வருது போலை. அதுக்கு மணம் இராது."

மனைவி எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தேன். அண்ணை என்னிடம் விலாசம் கேட்டு, தீயணைப்புப் படையைக் கூப்பிட்டார். நான் மஜந்தா நிலையத்துக்கு ஓடி ரயில் ஏறினேன். குளிருதென்று மகள் சொன்னதற்காக அன்று காலை சூட்டைக் கூட்டிவிட்டு வந்தவன் நான்தான். ரயிலிலும் விடாமல் மனைவிக்கு அடித்துக்கொண்டே இருந்தேன்.

தெருவில் சிவப்பு வண்டி நின்றது. கதவை உடைத்து இருவரையும் தூக்கி வந்திருந்தார்கள். ஒட்சிசன் முகமூடிக்குள் மூச்சு வாங்கிக்கொண்டே மனைவி என் கையைப் பிடித்தாள். மறுநாள் இருவரையும் ஆஸ்பத்திரியிலிருந்து விட்டார்கள். புகைபோக்கிக்குள் பழைய செங்கல் இடிந்து விழுந்து வழியை அடைத்திருந்ததாம். இனிக் கொதிகலனை மூட்டக்கூடாது என்று முத்திரை வைத்துவிட்டார்கள்.

ஒரே அறையில் மின்சூடாக்கி போட்டு மூவரும் ஒடுங்கிக் கிடந்தோம். பொபினியில் இருக்கும் மைத்துனர் காஸ் கொதிகலனே சுகம் என்றார். பழைய குழாய்களைப் பாவிக்கலாம், வேலையும் கெதியில் முடியும். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. மனைவி ஒரே பிடியாக நின்றாள்.

"வீட்டுக்குள்ளை இனி ஒண்டும் எரியக்கூடாது."

சமையல் அடுப்பைக்கூட மின்சாரத்துக்கு மாற்றினாள். அண்ணை வந்து சுவர்களைத் தட்டிப் பார்த்தார். வெளிக்காற்றிலிருந்து சூட்டை எடுக்கும் இயந்திரம் பூட்டலாம், கோடையில் அதுவே குளிரும் தரும் என்றார். "ஆனா முதல் சூடு வெளியிலை போகாமல் கூரையை மூடவேணும். ஓட்டைச் சட்டியிலை எவ்வளவு ஊத்தினாலும் நிக்காது."

உறைபனியில் வெளிக்காற்றில் என்ன சூடு இருக்கும்? பிழையானதைத் தெரிவு செய்தால் இவர்களை இந்தமுறை குளிரில் வாட்டுவேன். பல நாள் யோசித்து, மனைவியின் பயத்தை மதித்து முடிவெடுத்தேன். கூரைக்குப் பஞ்சுப் போர்வை போட்டு, இயந்திரத்தைப் பூட்டினோம்.

முதல் கடுங்குளிரில் அது பனி மூடி நின்றுவிட்டது. முற்றத்தில் நின்றபடி நடுங்கிக்கொண்டு அண்ணைக்கு அடித்தேன்.

"பயப்பிடாதையும். தன்ரை பனியைத் தானே உருக்குது. பத்து நிமிசம் பொறும்."

பொறுத்தேன். அடியில் தண்ணீர் ஒழுகியது, ஆவி எழுந்தது, விசிறி மெல்லச் சுழன்றது. உள்ளே போய்க் காற்று வரும் இடத்தில் கையை வைத்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு வெதுவெதுப்பு வந்தது.

குளியலறை மட்டும் இன்றுவரை ஒழுங்காகச் சூடாவதில்லை. அவசரமாகக் குளித்துவிட்டு ஓடிவருகிறோம்.